ஒரு படத்துக்கு எவ்வளவு?

இரவு பதினொரு மணி. அம்மா திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து அப்பர் தைத்துக்கொண்டிருந்தாள். வாசல் நிலையில் சாய்ந்தபடி நான் மடியில் லேப்டாப்பை வைத்து வரைந்துகொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே குண்டு பல்பு.

"மொத்தம் எவ்ளோ படம்டி வரையணும்?"

"மூணு நிமிஷப் படம்மா. முழுசா அசைஞ்சா ஆயிரத்து நானூத்தி நாப்பது வரணும்."

அம்மா பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரைதான். ஆனால் எண்ணிக்கையில் அவளை ஏமாற்ற முடியாது. வாயில் நூலைக் கடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஒரு படத்துக்கு எவ்ளோ தருவாங்க?"

"யாரும் தர மாட்டாங்க. நானா வரையறது."

ஊசி நின்றது. பிறகு ஒன்றும் சொல்லாமல் அடுத்த துளைக்குப் போனது. அந்தக் கேள்வி இரண்டு வருடம் கழித்து வேறு முகத்தோடு என்னிடமே திரும்பி வரும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

ஆம்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பிரியாணி ஞாபகம் வரும். எங்களுக்குத் தோலும் ஷூவும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரையிலும் அதைச் சுற்றிலும் டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் பரவிக் கிடக்கின்றன. 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது நாங்கள் திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் போனோம். ஆனால் இன்றும் எங்கள் வாயில் வேலூர்தான் வரும். காலையில் கம்பெனி பஸ்கள் ஊருக்குள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். ஷூ கம்பெனிகளில் தையல் மெஷினில் குனிந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். கம்பெனிக்குப் போக முடியாதவர்களைத் தேடி வேலை வீட்டுக்கே வரும். மொக்கசின் ஷூவின் முன்பக்கம் சுருக்கம் சுருக்கமாக ஒரு தையல் ஓடும். அது கைத்தையல். ஏஜென்ட் பைக்கில் பண்டல் கொண்டுவந்து போடுவார், தைத்ததை எண்ணி எடுத்துப்போவார். சம்பளச் சீட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் கிடையாது. மாடலைப் பொறுத்து ஒரு ஜோடிக்கு 6 ரூபாய், 7 ரூபாய். அம்மா எனக்கு ஃபீஸ் கட்டியது இந்தக் கணக்கில்தான்.

நான் அனிமே பாணியில் ஒரு படம் எடுத்த கதை இது. ஜப்பானுக்குப் போனதில்லை, ஜப்பானிய மொழி தெரியாது. அனிமேஷன் படித்ததும் இல்லை. பி.காம். முடித்து ஒரு கம்பெனி ஆபீசில் ஆர்டர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை பார்க்கிறேன்.

*

2007இல் சுட்டி டிவி வந்தபோது எனக்குப் பத்து வயது. அதற்குள் ஹங்காமா சேனலில் ஷின்-சானும் தமிழ் பேச ஆரம்பித்திருந்தான். எங்கள் தெருவில் டிவி இருந்த வீட்டில் பத்துப் பிள்ளைகள் சேர்ந்து பார்ப்போம். ஷின்-சான் ஏதாவது வம்பு செய்து அவன் அம்மா மிசாயே தலையில் குட்டும்போது, வாசலில் உட்கார்ந்து தைக்கும் பெண்களும் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். துணி மடித்துக்கொண்டே கத்துகிற, தள்ளுபடி விற்பனை என்றால் ஓடுகிற அந்த அம்மாவை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகளின் நிகழ்ச்சியைப் பெரியவர்கள் தங்கள் காரணத்துக்காகப் பார்க்கிறார்கள் என்பது அப்போது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிளஸ் டூ படிக்கும்போது அரசின் விலையில்லா லேப்டாப் கிடைத்தது. எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். பென் டிரைவில் தோழிகள் கைமாற்றிக்கொண்ட அனிமே படங்களை அதில்தான் பார்த்தேன். பார்த்ததை நோட்டில் வரைந்தேன். நான் உருவாக்கிய முதல் நாயகிக்கு யூகி என்று பெயர். வயது பதினாறு. மடிப்புப் பாவாடை, முழங்கால்வரை சாக்ஸ், பால் நிறம், முகத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும் கண்கள். அவள் நடக்கும் தெருவில் செர்ரிப் பூ உதிர்ந்துகொண்டே இருக்கும். ஆம்பூரில் செர்ரிப் பூவை எங்கே கண்டேன்? நெடுஞ்சாலை ஓரத்துத் தூங்குமூஞ்சி மரம் இளஞ்சிவப்பில் பூத்துக் கொட்டுவதைத் தினமும் மிதித்துக்கொண்டு போனவள் நான். அதை வரையத் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்று இப்போது யோசித்தால் ஒரு பஸ் ஜன்னல் ஞாபகத்துக்கு வருகிறது. வேலூரில் கல்லூரிக்குப் போய்வந்த நாட்களில், டேனரிகள் இருக்கும் இடம் நெருங்கியதும் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். துப்பட்டா மூக்குக்குப் போகும். "இங்கெல்லாம் எப்படித்தான் மனுஷங்க இருக்காங்களோ?" என்று பக்கத்தில் இருந்த தோழி ஒருநாள் கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியவள் நான். அன்றைக்கு இறங்காமல் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி வெயிலில் நடந்து வந்தேன். நாங்கள் தலித்துகள். தாத்தா டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் மிதித்தவர். நைனா டிரம் ஓட்டியவர். 'தோல் வேலையா?' என்ற கேள்விக்குப் பின்னால் 'எந்தத் தெரு?' என்ற கேள்வி வரிசையில் நிற்கும் என்பது எங்களுக்குச் சிறுவயதிலேயே தெரியும். யூகியிடம் அந்த வாசனை இல்லை. அவளை எந்தத் தெரு என்று யாரும் கேட்க மாட்டார்கள். நான் அவளை வரைந்துகொண்டே இருந்ததற்கு அதுதான் காரணம்.

*

சொந்தமாக ஒரு படம் எடுக்கலாம் என்ற துணிச்சலைத் தந்தவர் மகோதோ ஷின்காய். 2002இல் வெளியான அவருடைய 'வாய்சஸ் ஆஃப் எ டிஸ்டன்ட் ஸ்டார்' சுமார் 25 நிமிடப் படம். அதை அவர் தன் வீட்டு மேக் கம்ப்யூட்டரில் ஏறக்குறையத் தனி ஆளாக வரைந்து முடித்தார். இசையை ஒரு நண்பர் செய்தார். முதல் பதிப்பில் குரல் கொடுத்தவர்கள் அவரும் அவருடைய துணையும். 2019 அக்டோபரில் அவருடைய 'வெதரிங் வித் யூ', இந்திய ரசிகர்கள் கையெழுத்து இயக்கம் நடத்திக் கேட்டதன் பேரில், இங்கே தியேட்டர்களுக்கு வந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்குத்தான் நானும் ஒரு தேதி குறித்துக்கொண்டேன். அந்தத் தேதி எப்போதோ தாண்டிப்போனது வேறு விஷயம்.

கருவிக்குப் பஞ்சமில்லை. ஜிப்லி ஸ்டுடியோ பயன்படுத்திய 'டூன்ஸ்' மென்பொருளின் ஒரு வடிவம் 2016இல் 'ஓப்பன்டூன்ஸ்' என்ற பெயரில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. 'க்ரிட்டா'வும் இலவசம். பஞ்சம் லேப்டாப்பின் மெமரிக்குத்தான். பத்துப் படத்துக்கு ஒருமுறை திரை உறைந்துபோகும்.

முதல் ஆறு மாதம் நான் செய்த எல்லாமே தவறு. அனிமே என்றால் ஒருவகைக் கண், ஒருவகை முடி என்று நினைத்திருந்தேன். யூகியை ஓட வைத்தேன். முடி பறக்க, பாவாடை பறக்க, பை ஆட, நான்கு விநாடிக் காட்சிக்கு மூன்று வாரம் ஆனது. பார்த்தால் ரப்பர் பொம்மை நெளிவதுபோல இருந்தது. அதன் பிறகுதான் அந்தக் கலை எப்படி இயங்குகிறது என்று படிக்க ஆரம்பித்தேன்.

சினிமா விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடும். 24க்கும் தனித்தனியாக வரைந்தால் காசும் ஆளும் போதாது. 1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசுகாவின் 'அஸ்ட்ரோ பாய்' ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரம் ஒரு அரை மணி நேரக் கதை தர வேண்டும், கையில் பணம் குறைவு. எனவே ஒரு படத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தி வைத்தார்கள். அதாவது விநாடிக்கு எட்டுப் படம். பேசும்போது வாய் மட்டும் அசைந்தது. வரைந்ததைப் பத்திரப்படுத்தி மறுபடி மறுபடி பயன்படுத்தினார்கள். அசையாத படத்தின் மேல் கேமரா நகர்ந்தது. இன்றைக்கு நாம் 'அனிமே பாணி' என்று ரசிப்பதில் ஒரு பெரும்பகுதி, இல்லாமையைச் சமாளிக்கக் கண்டுபிடித்த வழிகள். எதை அசைப்பது, எதை நிறுத்திவைப்பது என்ற சிக்கனம். ஒரு தக்காளியில் குழம்பு வைக்கத் தெரிந்த வீட்டுக்காரிக்கு இது புரியாத வித்தையா?

புரிந்த அன்று அந்தப் பஸ் ஜன்னலை வரைந்தேன். பஸ் அசையவில்லை, முகங்கள் அசையவில்லை. ஒரே ஒரு கை மட்டும் கண்ணாடியைச் சாத்துகிறது. ஏழு படங்கள். கண்ணாடி முழுதாகச் சாத்திய பின் மூன்று விநாடி எதுவும் நடக்காது. அனிமேஷனில் வாசனையைக் காட்ட முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று விநாடியில் அது வந்து உட்கார்ந்துகொண்டது. என் நோட்டில் யூகிக்கு அதன் பிறகு வேலை இருக்கவில்லை.

ஜப்பானியர் அல்லாதவர் எடுத்தால் அதை அனிமே என்று சொல்லலாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். யூகோ சாகோவும் நம் ராம் மோகனும் சேர்ந்து உருவாக்கிய ராமாயணப் படம் எப்போதோ வந்துவிட்டது. 2025 ஜனவரியில் தமிழிலும் அதைத் தியேட்டரில் பார்த்தோம். கொல்கத்தாவில் ராஜர்ஷி பாசுவின் ஸ்டுடியோ துர்கா 'கர்மசக்ரா' என்று சொந்தமாக ஒன்றை உருவாக்கியது. பெயர் எனக்கு முக்கியமில்லை. என்னைக் குடைந்தது வேறு கேள்வி: இந்தச் சிக்கனத்தை நான் எதற்குச் செலவழிக்கப்போகிறேன்? கீதாஞ்சலி ராவ் 'பிரின்டட் ரெயின்போ' என்ற குறும்படத்தைச் சட்டம் சட்டமாகத் தானே தீட்டினார். தனியாக வாழும் ஒரு வயதான பெண், ஒரு பூனை, தீப்பெட்டி அட்டைகள். அவ்வளவுதான் கதை. 2006இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் அது விருது வாங்கியது. ஒரு கிழவியின் சலிப்பை நம்பி ஒருத்தி வருடக்கணக்கில் உட்கார முடியுமென்றால், திண்ணையில் தைக்கும் என் அம்மாவை நம்பி நான் உட்கார முடியாதா?

*

அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. "என்னை எதுக்குடி வரையற? நல்ல மூஞ்சியா ஒண்ணு பாத்து வரையேன்." கடைசியில் மூஞ்சி வேண்டாம், கை மட்டும் என்று பேசி முடித்தோம்.

மென்பொருளில் வண்ணக் கட்டங்களோடு 'ஸ்கின்' என்று ஒரு கட்டம் தயாராக வந்திருந்தது. வெளிறிய பீச் நிறம். அத்தனை வருடமும் மனிதர் என்றால் அதைத்தான் தொட்டு ஊற்றியிருக்கிறேன். இப்போது அம்மாவின் கையை மத்தியான வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, அதிலிருந்தே நிறங்களை எடுத்தேன். புறங்கைக்கு ஒன்று, விரல் முட்டிகளுக்கு ஒன்று, உள்ளங்கைக்கு ஒன்று. நூல் இழுத்து இழுத்து ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் ஓர் அடையாளம் ஓடுகிறது. அதற்குத் தனி நிறம். நகக்கண்ணில் ஊறிப்போன தோல் சாயத்துக்கு வேறொன்று. மொத்தம் ஏழு. ஒரு கைக்கு ஏழு நிறம் வைத்தால் வேலை மூன்று மடங்காகும் என்று எந்தப் பாடத்திலும் எச்சரிப்பார்கள். தெரிந்துதான் வைத்தேன்.

இன்னொரு நிறமும் எனக்குத் தேவைப்பட்டது. குரோமியத்தில் பதப்படுத்திய தோல் டிரம்மிலிருந்து வரும்போது வெளிர்நீலமாக இருக்கும். 'வெட் ப்ளூ' என்பார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்தில் தோல் மண்நிறமாக இருந்தது என்று ஆயா சொல்வாள். அனிமே என்றாலே ரசிகர்கள் வானத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். என் படத்தின் விடியற்கால வானத்துக்கு அந்த வெட் ப்ளூவையே வைத்தேன். நைனா கையில் பார்த்து வளர்ந்த நீலம் அது.

கை தைக்கும் காட்சி 46 படங்கள். இரண்டு மாதம் ஆனது. ஓட்டிக் காட்டினேன். அம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தாள். மறுபடி போடு என்றாள். மூன்றாம் முறை சொன்னாள்: "இந்தக் கை இன்னா சும்மா கீது? ரெண்டு ஊசிடி. ரெண்டு பக்கமும் ஒண்ணா இழுக்கணும். ஒரு கை இழுத்தா தையல் கோணிக்கும், செக்கிங்ல திருப்பி அனுப்பிடுவான்."

இருபது வருடமாக அந்தத் திண்ணையில் பார்த்ததைத்தான் வரைந்திருந்தேன். இரண்டாவது கையைப் பார்த்ததே இல்லை. வலது கை ஊசி போவதைப் பார்த்தவள், இடது கை எதிர்த்திசையில் அதே துளைக்குள் வருவதைக் கவனிக்கவில்லை. 46 படத்தையும் அழித்தேன். இந்த முறை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத் தைத்துக் காட்டினாள். நடுவில் கையை உதறிக்கொண்டாள். மணிக்கட்டில் தொடங்கி முழங்கைவரை மரத்துப்போகிறதாம். எத்தனை நாளாக என்று கேட்டேன். "அது கீது ரொம்ப நாளா" என்று சொல்லிவிட்டு அடுத்த தையலுக்குப் போனாள். அந்த உதறலையும் வரைந்தேன். ஒன்பது படம். திரைக்கதையில் அது இல்லை.

*

இனிதான் நான் சொல்ல வந்த இடம்.

வரைவதை நானே செய்துவிடலாம். வண்ணம் நிரப்புவதற்கு ஆள் வேண்டும். நிறுத்தல்களால் எண்ணிக்கை குறைந்தும் 612 படங்கள் இருந்தன. எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி பிளஸ் டூ முடித்துச் சும்மா இருந்தாள். அவளும் அவளுடைய சித்தி மகளும் ஆசையாக வந்தார்கள். என்னிடம் சேமிப்பு 10,000 ரூபாய். ஒரு படத்துக்கு 5 ரூபாய் என்று வாய் தானாகச் சொன்னது. இரண்டு பேருக்கும் சந்தோஷம். மொத்தம் 3,060 ரூபாய்தான் ஆகும் என்று எனக்கும் சந்தோஷம்.

மூன்றாம் நாள் அம்மா, அவர்கள் போகும்வரை காத்திருந்து கேட்டாள்.

"படத்துக்கு இவ்ளோன்னுதான் பேசியிருக்கியா?"

"ஆமா."

"லேசான படத்துக்கும் கஷ்டமான படத்துக்கும் ஒரே ரேட்டா?"

நான் பதில் சொல்லவில்லை.

"பெரியவ வானமும் சுவருமா எடுத்துக்கினா. சின்னவளுக்குக் கை வந்துது. காலையிலேந்து குனிஞ்சிட்டே கீறா அந்தப் பொண்ணு. எங்க ஏஜென்ட்டும் இப்படித்தான். லேசான மாடலு அவனுக்கு வேண்டியவளுக்குப் போவும். சிக்குப் புடிச்ச மாடலு நமக்கு வரும். கேட்டா, எல்லாத்துக்கும் ஒரே ரேட்டுதானேன்னுவான்."

அன்றிரவு கணக்குப் போட்டேன். வானம், சுவர் என்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு படம், மணிக்கு 30 ரூபாய். ஏழு நிறக் கை என்றால் நாற்பது நிமிடத்துக்கு ஒரு படம், மணிக்கு ஏழரை ரூபாய். அம்மாவின் கைக்கு நியாயம் செய்ய வேண்டும் என்று நான் வைத்த ஏழு நிறம், ஒரு சின்னப் பெண்ணின் கூலியைக் கால்வாசி ஆக்கியிருந்தது. தைக்கும் பெண்களின் கூலியைப் பற்றிப் படம் எடுக்கிறவள், அந்தப் படத்துக்காகவே ஏஜென்ட் ஆகியிருந்தேன்.

நான் நேசித்த கலையும் இந்தக் கணக்கில் வளர்ந்ததுதான் என்பதை அதன் பிறகே கவனித்துப் படித்தேன். ஜப்பானில் இடைப்படம் வரைபவர்களுக்கு இன்றும் பெரும்பாலும் படத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஒரு படத்துக்குச் சுமார் 200 யென், நம் பணத்தில் நூறு ரூபாய்க்குச் சற்று மேல். அதிகமாகத் தோன்றலாம். அந்த நாட்டு வாடகைக்கும் விலைவாசிக்கும் அதை வைத்துப் பிழைப்பது கடினம். மை இடுவதும் வண்ணம் தீட்டுவதும் தொடக்கத்திலிருந்தே பெரும்பாலும் பெண்களின் வேலை. அமெரிக்காவிலும் அப்படித்தான். 1938இல் வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு டிஸ்னி ஸ்டுடியோ அனுப்பிய பதில் கடிதம் பிரபலமானது. படைப்பு வேலையெல்லாம் இளைஞர்களுடையது, பெண்களுக்கு இருப்பது செல்லுலாய்டு தாளில் மை இழுப்பதும் வண்ணம் நிரப்புவதும்தான் என்று அது சொன்னது. ஜப்பானில் 1957இல் தோஏய் நிறுவனத்தில் சேர்ந்த ரெய்கோ ஒகுயாமா, திருமணமோ குழந்தையோ வந்தால் பெண்கள் வேலையை விட்டுவிட வேண்டும் என்று எதிர்பார்த்த காலத்தில், விடாமல் நின்று முக்கிய அனிமேட்டராகப் பணிபுரிந்தார்.

யோகோ ஹத்தா என்ற பெண்ணின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. தெசுகாவின் ஸ்டுடியோவில் வண்ணம் தீட்டியவர். திருமணமாகிக் கியோத்தோ பக்கம் வந்தபின், 1981இல் அக்கம்பக்கத்து இல்லத்தரசிகளைச் சேர்த்துக்கொண்டு, பெரிய ஸ்டுடியோக்களின் வண்ண வேலையை வாங்கிச் செய்ய ஆரம்பித்தார். எங்கள் திண்ணையைப் போல ஒரு திண்ணை என்று கற்பனை செய்துகொள்வேன். அதுதான் வளர்ந்து கியோத்தோ அனிமேஷன் ஆனது. படக் கணக்கை விட்டு மாதச் சம்பளம் தரும் நிறுவனம் என்றும், பெண்கள் அதிகம் பணிபுரியும் இடம் என்றும் பெயர் வாங்கியது. 'எ சைலன்ட் வாய்ஸ்' எடுத்த நவோகோ யமாதா அங்கே வளர்ந்தவர்தான். 2019 ஜூலையில் ஒருவன் அங்கே தீ வைத்து 36 பேரைக் கொன்றான். அந்தச் செய்தி வந்தபோது எனக்கு அந்த வரலாறு தெரியாது. தெரிந்த பின் அந்தத் திண்ணையையும் சேர்த்து நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் இரண்டு பெண்களையும் உட்காரவைத்து, இனி மணிக்கு 60 ரூபாய் என்றேன். சின்னவள் சந்தேகமாக, "மெதுவா செஞ்சா திட்டுவியாக்கா?" என்று கேட்டாள். எப்போதும் எண்ணி வாங்கிய வீட்டில் பிறந்த பிள்ளைக்கு வேறு என்ன கேள்வி வரும்?

ஆனால் கணக்கு இடித்தது. 612 படத்துக்கும் மணிக்கூலி கொடுத்தால் 13,000 ரூபாய் தாண்டும். என்னிடம் 10,000தான். ஒன்று கூலியைக் குறைக்க வேண்டும், இல்லை படத்தைக் குறைக்க வேண்டும்.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி பாலாற்று வெள்ளம். 2021 நவம்பரில், வெறும் மணலாகவே பார்த்துப் பழகிய ஆற்றில் கரை தொட்டு நீர் போனது. ஊரே பாலத்தில் நின்று பார்த்தது. அதைப் போனில் எடுத்துவைத்து, 38 விநாடிக் காட்சியாகத் திட்டமிட்டிருந்தேன். நீர் சுழல்வதும் நுரை உடைவதும் 200 படங்கள். யாராவது பார்த்து, 'இந்தப் பெண்ணுக்கு வரையத் தெரியும்' என்று சொல்வார்கள் என்றால் அந்தக் காட்சிக்காகத்தான் சொல்லியிருப்பார்கள். அதை எடுத்துவிட்டேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்த இடத்தில் இப்போது ஒரே ஒரு படம் இருக்கிறது. வறண்ட பாலாறு, மணல், தூரத்தில் பாலம். பத்து விநாடி, எதுவும் அசைவதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், நீரைக் கெடுத்தவர்களே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. சட்டம் படிக்கிறவர்கள் எல்லோரும் அதைப் படிக்கிறார்கள். எங்கள் தெருவில் குடிதண்ணீரை இன்றும் கேன் கணக்கில் வாங்குகிறோம். வெள்ளத்தை வரைந்திருந்தால் என் கைத்திறமை தெரிந்திருக்கும். மணல்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பிறகு பட்டது. ஆனால் அதற்காகத்தான் வெட்டினேன் என்று சொன்னால் பொய். பணம் பற்றவில்லை, அதனால் வெட்டினேன்.

412 படங்கள், 150 மணி நேரம், 9,000 ரூபாய். மீதி ஆயிரத்தில் ஒரு மைக் வாங்கினோம். ஊசி தோலைத் துளைக்கும் சத்தம், மெழுகு நூல் இழுபடும் சத்தம், அம்மா கையை உதறும்போது வளையல் மோதும் சத்தம், எல்லாவற்றையும் விடியற்காலை நான்கு மணிக்கு, நெடுஞ்சாலை லாரிகள் சற்று ஓய்ந்த நேரத்தில் பதிவு செய்தோம். வசனம் கிடையாது.

*

படத்தின் பெயர் 'ஜோடி'. இரண்டு நிமிடம் முப்பத்திரண்டு விநாடி. கடைசியில் பெயர்கள் வரும். வண்ணம் தீட்டிய இரண்டு பெண்களின் பெயர்கள் என் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில். அம்மாவுக்கு என்ன போடுவது என்று அவளையே கேட்டேன். கை அவளுடையது, திருத்தம் அவளுடையது, கூலி பேசியதும் அவள்தான். "தையல்னு போடு" என்றாள்.

முடித்த அன்று திண்ணைச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, ஒரு சிநேகிதி கொண்டுவந்த சின்ன புரொஜெக்டரில் ஓட்டினோம். தைக்கும் பெண்கள் பத்துப் பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் மடியில் அப்பரோடு. பஸ் ஜன்னல் சாத்தும் காட்சியில் யாரும் பேசவில்லை. வளையல் மோதியபோது ஒருத்தி தன்னையறியாமல் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

முடிந்ததும் பக்கத்து வீட்டு அத்தை அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்: "இதுக்கு எவ்ளோ வந்துது?"

"அவளுக்கு இன்னும் ஒண்ணும் வர்ல" என்றாள் அம்மா. "பொண்ணுங்களுக்கு மணிக்கு அறுவது குடுத்தா."

அத்தை கொஞ்ச நேரம் அந்த வெள்ளை வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியிலிருந்த அப்பரைத் திருப்பிப் பார்த்து, "இது ஒரு ஜோடி தைக்க எனக்கு எவ்ளோ நேரம் ஆவுதுன்னு நான் பாத்ததே இல்லடி" என்றாள். எதிர்வீட்டுச் சின்னவள் தன் போனை எடுத்துக் கடிகாரத்தை ஓடவிட்டு அத்தையின் பக்கத்தில் வைத்தாள்.

அத்தை முதல் துளையில் இரண்டு ஊசியையும் கோத்தாள்.